சவரக்கத்திக்கு இயற்கைத் தீட்டுக்கல் தேர்ந்தெடுப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

தாத்தா காலத்து மடக்குச் சவரக்கத்தி வீட்டில் கிடைத்திருக்கும், அல்லது ஆசைப்பட்டு ஒன்று வாங்கியிருப்பீர்கள். எப்படியானாலும் அடுத்த கேள்வி, எந்தக் கல்லில் தீட்டுவது என்பதுதான். கல்லின் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், கையில் இருக்கும் அந்த ஒரு கல்லைப் பார்த்து வாங்குங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. இயற்கைக் கல் மண்ணுக்குள் உருவானது. ஒரே சுரங்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் வெட்டிய இரண்டு துண்டுகள்கூட ஒரே மாதிரி வேலை செய்யாது.

கல்லுக்கு முன்னால் கத்தியைப் பாருங்கள். விளிம்பு முழுதும் ஒரே சீராக, கை முடியைத் தோலோடு ஒட்டி வழிக்கிறதா? வழிக்கவில்லை என்றால் இயற்கைக் கல்லுக்கு இன்னும் வேலை இல்லை. முதலில் 1000 எண் செயற்கைக் கல்லில் விளிம்பை உருவாக்கி, பிறகு 4000, 8000 என்று ஏற வேண்டும் (எண் ஏற ஏறக் கல்லின் மணி நுண்மையாகும்). அதற்கு அப்புறம் கடைசிப் பதம் கொடுப்பதற்குத்தான் இயற்கைக் கல். மழுங்கிய கத்தியை இதிலேயே கூராக்க உட்கார்ந்தால் பொழுது போகுமே தவிர கூர் வராது.

நம் ஊர்க்காரர்கள் பலர் கேட்பது, மதுரை மேலூர்ப் பக்கம் இவ்வளவு கிரானைட் கிடைக்கிறதே, அதில் தீட்டக்கூடாதா என்று. கூடாது. கிரானைட்டில் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற அளவு மணிகளாக இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு கடினம். அரிவாளுக்குச் சரி, முகத்தில் வைக்கிற விளிம்புக்குச் சரிவராது. நான் தொடங்கிய காலத்தில் பளபளப்பான ஒரு கருங்கல் துண்டில் நல்ல கத்தியைத் தேய்த்து, விளிம்பில் சின்னச் சின்னப் பொக்குகள் விழுந்துவிட்டன. அதைச் சரிசெய்ய மறுபடி 1000 கல்லுக்குப் போய் நிறைய இரும்பைத் தேய்த்து எடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கீழே ஒரு வேலை இருக்கிறது.

கடைசிப் பதத்துக்குப் பெயர் பெற்ற கற்கள் சில உண்டு. பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் கிடைக்கும் மஞ்சள் நிறக் கொட்டிகுல் எனக்கு மிகவும் பிடித்தது. அதற்குள் நுண்ணிய கார்னெட் மணிகள் நிறைந்திருக்கும். அவை ஊசிமுனையாக இல்லாமல் உருண்டை போல இருப்பதால் ஆழமாகக் கீறுவதில்லை. அந்தக் கல்லின் மேல் அதே வகைக் கல்லின் சின்னத் துண்டால் தண்ணீர் விட்டு உரசினால், சந்தனம் உரைப்பதுபோல ஒரு பால் வரும். அந்தப் பால் கெட்டியாக இருக்கும்போது கல் வேகமாக அறுக்கும், தண்ணீர் சேர்த்து நீர்க்க நீர்க்க மென்மையாகும். ஒரே கல்லில் இத்தனை வேலை. மஞ்சள் அடுக்கு மெல்லியது என்பதால் பெரும்பாலும் அடியில் ஸ்லேட் ஒட்டி விற்பார்கள், அது குறை இல்லை.

அமெரிக்காவின் ஆர்கன்சா கல் கிட்டத்தட்ட முழுக்கச் சிலிக்கா. சவரக்கத்திக்கு அதில் கறுப்பு அல்லது ஒளி ஊடுருவும் வகைதான் வேண்டும். ஜெர்மனியின் துரிங்கியன் கற்களில் இப்போது பழையவைதான் சுற்றிவருகின்றன. விலை அதிகம், போலியும் உண்டு. ஜப்பானில் கியோட்டோ பக்கத்துக் கற்கள் அருமையானவை, ஆனால் துண்டுக்குத் துண்டு மாறும், பழக்கமில்லாதவர் படத்தைப் பார்த்து வாங்குவது ஆபத்து. கையில் பணம் குறைவு என்றால் சீனாவின் குவாங்ஸி கல் போதும். 12000 என்று எண் போட்டு விற்பார்கள், அந்த எண்ணை நம்ப வேண்டாம், இயற்கைக் கல்லுக்கு அளந்து போட்ட எண் கிடையாது. கடினமான கல், மெதுவாக வேலை செய்யும், பொறுமை இருந்தால் நல்ல பதம் தரும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது கல்லின் எடைக்கு அஞ்சல் செலவும் சுங்கவரியும் சேரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

சரி, கல் கையில் வந்தால் என்ன பார்ப்பது? அளவு 6 அங்குல நீளம், 2 அங்குல அகலம் இருந்தால் தாராளம். கல்லைத் தண்ணீரில் நனைத்து, காயும்போது கவனியுங்கள். விரிசல் இருந்தால் மற்ற இடம் காய்ந்த பிறகும் அந்தக் கோடு மட்டும் ஈரம் பிடித்துக் கறுப்பாக நிற்கும். நிறக்கோடுகளை எல்லாம் விரிசல் என்று நினைக்காதீர்கள். நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள், தட்டாத கோடு பெரும்பாலும் வெறும் நிறம்தான். அப்புறம் முக்கியமான சோதனை: வேண்டாத பழைய கத்தி ஒன்றை ஈரக் கல்லில் மெல்ல இழுத்துக் காது கொடுங்கள். சீராக "ஸ்ஸ்" என்று வர வேண்டும். நடுவில் மணல் நெருடுவது போல ஒரு "கிரக்" கேட்டால், அதே இடத்தில் மறுபடியும் கேட்டால், உள்ளே கடினமான மணி இருக்கிறது. எவ்வளவு அழகான கல்லாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

மதுரை திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை மாதிரி இடங்களில் பழைய கல் கண்ணில் பட்டால், எண்ணெய் ஊறியதா என்று மோந்து பாருங்கள், நடுவில் எவ்வளவு பள்ளம் என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். எண்ணெயைப் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு ஓரளவு எடுக்கலாம். ஆழமான பள்ளம் என்றால் தேய்த்துச் சமமாக்கிய பிறகு மிச்சம் என்ன கல் இருக்கும் என்று யோசியுங்கள்.

இனி அந்தக் கிரானைட் துண்டு, தீட்டுக்கல்லைச் சமமாக்க உதவும். சமமாக மெருகேற்றியது என்றால் அதன்மேல் 220 வாட்டர் பேப்பரை நனைத்து ஒட்டி, தீட்டுக்கல்லின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, தண்ணீர் விட்டு அந்தப் பேப்பரில் தேயுங்கள். கட்டம் முழுதும் அழிந்தால் சமம். பிறகு 400, 600. உலர்ந்த கல்லைத் தேய்க்கவே கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். தீட்டுக்கல்லின் ஓரங்களையும் லேசாக உருட்டிவிடுங்கள், கத்தி படும்போது பொக்கு விழாது. ஆர்கன்சா கல்லுக்கு மட்டும் வாட்டர் பேப்பர் சீக்கிரம் தேய்ந்துபோகும், சிலிக்கான் கார்பைடு பொடி வேண்டும்.

தீட்டும்போது கத்தியின் முதுகும் விளிம்பும் இரண்டும் கல்லில் படிந்திருக்க வேண்டும், விளிம்பு முன்னால் போக வேண்டும், திருப்பும்போது முதுகின் மேல் உருட்ட வேண்டும். கத்தியின் எடையே போதும், அழுத்தாதீர்கள். நாற்பது ஐம்பது முறை போய் வந்ததும் தோல்வாரில் (விளிம்பைச் சீராக்கும் தோல் பட்டையில்) முதுகு முன்னால் போகும்படி இழுத்து, சவரம் செய்து பாருங்கள். எரிச்சல் இருந்தால் உடனே கல்லைக் குறை சொல்லி இன்னொன்று வாங்காமல், பாலை இன்னும் நீர்க்கவிட்டு மறுபடி தீட்டுங்கள். ஒரு கல்லின் குணம் பிடிபடப் பத்துப் பதினைந்து தடவையாவது வேண்டும்.

வேலை முடிந்ததும் கல்லைக் கழுவித் துடைத்து நிழலில் வையுங்கள். நம் ஊர் மொட்டைமாடி வெயிலில் காயவைத்தால் அடுக்கடுக்கான கற்கள், முக்கியமாக கியோட்டோ கற்கள், விண்டுபோகலாம்.