'உங்க ஆளுங்க' என்று தொடங்காதீர்கள்: பெங்களூரில் செய்தி பேசும்போது நாம் செய்யும் தவறுகள்

ஆகஸ்ட், செப்டம்பரில் மழை பொய்த்துவிட்டால் பெங்களூர்த் தமிழர்களுக்கு ஒரு சங்கடம் தொடங்கிவிடும். ஆபீஸ் கேன்டீனிலோ அப்பார்ட்மென்ட் லிஃப்டிலோ யாராவது காவிரிப் பேச்சை எடுப்பார்கள். "என்ன சார், உங்க ஆளுங்க மறுபடியும் கோர்ட்டுக்குப் போயிட்டாங்களே?" கேட்பவர் பெரும்பாலும் வம்புக்குக் கேட்பதில்லை. ஆனால் 'உங்க ஆளுங்க' என்ற சொல் விழுந்தவுடனேயே கேட்கப்பட்டவர் ஒரு மாநிலத்துக்கு வக்கீலாகிவிடுகிறார். நாமும் இதையேதான் செய்கிறோம். கர்நாடகத்தின் காவிரிப் பாசன மாவட்டமான மாண்டியாவைச் சேர்ந்த ஒருவர் கிடைத்தால், காவிரியின் குறுக்கே உள்ள கிருஷ்ணராஜ சாகர் அணையைத் திறப்பதும் மூடுவதும் அவர் கையில் இருப்பதுபோல் அவரிடம் நியாயம் கேட்கிறோம்.

எதிரில் இருப்பவரை ஒரு தரப்பின் ஆளாக்கிவிடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன என்று நினைக்கிறேன். அப்படி ஆக்கியபின் அவர் தன் மனதில் உள்ளதைச் சொல்ல முடியாது. தன் தரப்பைக் காப்பாற்ற மட்டும்தான் முடியும்.

உண்மையில் இந்த ஊரில் வாழும் தமிழர் யாரும் முழுக்க ஒரே தரப்பில் இல்லை. நம் வீட்டுக் குழாயில் வருவது காவிரித் தண்ணீர்தான். சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, தொரெகாடனஹள்ளியிலிருந்து மூன்று கட்டமாகப் பம்ப் செய்து மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டத் திட்டம் மட்டுமே நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கொண்டுவருவதற்கானது. அந்த ஆண்டு மார்ச்சில் போர்வெல்கள் வற்றி, டேங்கர் லாரிக்குக் காத்துக் கிடந்தபோது, எப்போது இந்தத் தண்ணீர் வரும் என்று ஏங்கியவர்களில் நாமும் இருந்தோம். அதே சமயம் நம் பெரியப்பாவோ மாமாவோ தஞ்சாவூர்ப் பக்கம் மேட்டூர் திறப்பை எதிர்பார்த்துக் குறுவைக்கு நாற்று விட்டிருப்பார். இரண்டு பக்கத்து வலியும் தெரிந்தவர்கள் நாம். அப்படிப்பட்ட நாமே ஒரு பக்கக் கொடியைத் தூக்கிக்கொண்டு பேசுவது வருத்தமாக இருக்கிறது.

ஒரு கேன்டீன் மேசையை எடுத்துக்கொள்வோம். தமிழர் ஒருவர், மாண்டியாக்காரர் ஒருவர், இருவரும் ஒரே டீம். செய்தியில் 'வினாடிக்கு 5,000 கன அடி திறக்க உத்தரவு' என்று வருகிறது. "கோர்ட்டே சொல்லியாச்சு, இனி என்ன பேச்சு" என்று தமிழர் சொன்னால் அத்துடன் பேச்சு முடிந்தது. டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அதற்குப் பதில், "உங்க அப்பா இந்த வருஷம் என்ன போட்டிருக்கார் மச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். "கரும்பு. விஸ்வேஸ்வரய்யா கால்வாயில தண்ணி விடல. பாதி காஞ்சுடுச்சு" என்று வரும். "எங்க மாமாவும் நாத்து விட்டுட்டு உக்காந்திருக்கார்" என்று இவர் சொல்லலாம். இருவருக்கும் கருத்து மாறப்போவதில்லை, மாறவும் வேண்டாம். ஆனால் இப்போது அந்த மேசையில் இருப்பவை இரண்டு விவசாயக் குடும்பங்கள். இனி எத்தனை கடுமையான கேள்வியையும் அங்கே கேட்டுக்கொள்ளலாம்.

கணக்குத் தெரியாமல் கத்துவது

தண்ணீர்ப் பேச்சில் பாதிச் சண்டை அளவுகளைக் குழப்புவதால் வருகிறது. கன அடி என்று செய்தியில் சொல்வது ஓடும் வேகம்: வினாடிக்கு இத்தனை கன அடி. டிஎம்சி என்பது மொத்த அளவு: நூறு கோடி கன அடி. வினாடிக்கு சுமார் 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால்தான் ஒரு டிஎம்சி. 2023 செப்டம்பரில் 15 நாளுக்கு 5,000 கன அடி விடச் சொன்னார்கள். அதன் மொத்தம் சுமார் ஆறரை டிஎம்சி. உச்ச நீதிமன்றத்தின் 2018 பிப்ரவரி 16 தீர்ப்பின்படி செப்டம்பர் மாதம் மட்டும், மாநில எல்லையில் தண்ணீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் வந்து சேர வேண்டியது 36.76 டிஎம்சி, ஆண்டு முழுக்க 177.25. இது வழக்கமான அளவு மழை பெய்யும் ஆண்டுக்கான கணக்கு. மழை குறைந்தால் குறைவை எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் ஒவ்வொரு முறையும் மல்லுக்கட்டு.

இது தெரிந்தால், "ஐயாயிரமா? எல்லாத்தையும் கொண்டு போறாங்களே" என்று அந்தப் பக்கம் பதறும்போது பொறுமையாகச் சொல்லலாம். அதே தீர்ப்பு தமிழ்நாட்டின் பங்கில் 14.75 டிஎம்சி குறைத்தது, அதில் 4.75 பெங்களூரின் குடிநீருக்காக என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நமக்குச் சாதகமான எண்ணை மட்டும் பொறுக்கிச் சொன்னால், அடுத்த முறை நாம் சொல்லும் உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள்.

ஃபார்வர்டு என்னும் நெருப்பு

2016 செப்டம்பரை மறந்துவிடக் கூடாது. கன்னட நடிகர்களைக் கேலி செய்து முகநூலில் போட்டதற்காகத் தமிழ் மாணவர் ஒருவரை பெங்களூரில் பிடித்து அடித்தார்கள். அந்த வீடியோ தமிழ்நாடெங்கும் பரவியது. ராமேஸ்வரத்தில் கர்நாடகப் பதிவெண் வண்டியின் ஓட்டுநரை அடித்தார்கள், சென்னையில் கர்நாடகத்தவர் நடத்தும் ஓட்டல் ஒன்றைத் தாக்கினார்கள். அந்த வீடியோக்கள் இங்கே வந்தன. செப்டம்பர் 12 அன்று மதியத்துக்கு மேல் ஊர் எரியத் தொடங்கியது. ஒரே டெப்போவில் நாற்பதுக்கு மேற்பட்ட தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்தன. 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு போட்டார்கள். தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடச் சொன்ன நீதிமன்ற உத்தரவு ஒரு காரணம்தான். கைபேசியிலிருந்து கைபேசிக்கு ஓடிய அந்த வீடியோக்களும் அதே அளவுக்குக் காரணம்.

வதந்திக்கு மாநில எல்லை கிடையாது. 2012 ஆகஸ்டில், தாக்கப்போகிறார்கள் என்ற குறுஞ்செய்தியை நம்பி வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் பெங்களூரிலிருந்து ரயிலேறினார்கள். 2023 மார்ச்சில் இதே கதை தமிழ்நாட்டில். பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே அனுப்ப வேண்டியதாயிற்று. அப்போது "எங்க ஊரைப் பத்தி இப்படிப் பொய் சொல்றாங்களே" என்று கொதித்தோம் அல்லவா? கர்நாடகத்தைப் பற்றி வருகிற ஃபார்வர்டுக்கும் அதே கேள்வியைக் கேட்பதுதான் நேர்மை.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது ஐந்து கைகளாவது தாண்டி வந்தது என்று பொருள். அனுப்பியவர் நல்லவராக இருக்கலாம். ஆனால் அவருக்கும் மூலம் தெரியாது. ஊரிலிருந்து சித்தி பதறிப் போய், "அங்க தமிழங்களை அடிக்கிறாங்களாமே" என்று கேட்கும்போது "ஆமா சித்தி, ரொம்ப மோசம்" என்று சொல்லிவிடுவது எளிது. "நான் இருக்குறது பானஸ்வாடி. இங்க கடையெல்லாம் திறந்திருக்கு. பஸ் ஓடுது. வேற இடத்தைப் பத்தி எனக்குத் தெரியாது" என்று, கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். அந்த ஒரு பதில் ஊரில் பத்துப் பேருக்குப் போய்ச் சேரும்.

சாவு நடந்த இரவில்

2025 ஜூன் 4 அன்று பெங்களூர் சின்னசாமி ஸ்டேடியத்துக்கு வெளியே, ஆர்சிபி அணியின் ஐபிஎல் வெற்றிக் கொண்டாட்ட நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அன்று இரவே சில தமிழ்க் குழுக்களில் ஐபிஎல் கேலி மீம்கள் ஓடின. செப்டம்பர் 27 அன்று கரூரில் நெரிசலில் 41 பேர் இறந்தபோது, அதே ஆட்கள் "யாராவது கேலி பண்ணினா நடக்குறதே வேற" என்றார்கள். துக்கத்துக்கு அணி பார்க்கக் கூடாது. நம் குழுவில் இருக்கும் இருநூறு பேரில் யாருடைய தம்பி அந்தக் கூட்டத்தில் இருந்தான் என்று நமக்குத் தெரியாது.

இன்னொரு பழக்கம், "ஏன் போனாங்க? வீட்ல இருக்க வேண்டியதுதானே?" என்று இறந்தவர்களையே குற்றம் சொல்வது. கேட்க நியாயம்போல இருக்கும். ஆனால் வாசல் எத்தனை, எத்தனை பேருக்கு அனுமதி, ஆம்புலன்ஸ் வர வழி இருந்ததா என்று பொறுப்பில் இருந்தவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளை அது மூடிவிடுகிறது. முதல் சில மணி நேரத்தில் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும், காரணமும் தெளிவாக இருக்காது. அந்த நேரத்தில் "நம்ம தெரிஞ்சவங்க எல்லாரும் பத்திரமா?" என்று விசாரித்தால் போதும். அரசியல் எங்கும் போய்விடாது, நாளைக்குப் பேசலாம்.

குற்றத்துக்கு ஊர்ப்பெயர் ஒட்டுவதும் இந்த அவசரத்தில் நடப்பதுதான். 2024 மார்ச் 1 அன்று புரூக்ஃபீல்டில் ராமேஸ்வரம் கஃபேயில் குண்டு வெடித்தது. விசாரணை நடக்கும்போதே, தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் வைத்தது என்று ஒன்றிய இணையமைச்சர் ஒருவர் பேசினார். எதிர்ப்பு வந்ததும் மன்னிப்புக் கேட்டார். ஏப்ரலில் தேசியப் புலனாய்வு முகமை (என்ஐஏ) கைது செய்த இரு முக்கியக் குற்றம்சாட்டப்பட்டவர்களும் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். அதற்காக "பாத்தீங்களா, உங்க ஊர்க்காரங்கதான்" என்று நாம் திருப்பிக் கொடுத்தால், நம்மை வலிக்க வைத்த அதே செயலைத்தான் செய்கிறோம். சிவமொக்காவில் இருக்கும் லட்சக்கணக்கானவர்களுக்கு இதில் என்ன சம்பந்தம்?

பெரியவர்களின் மௌனம்

எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்கு வந்த இளைஞர்கள், ஸ்ரீராமபுரத்திலோ அல்சூரிலோ தலைமுறைகளாக வாழும் தமிழ்ப் பெரியவர்களைப் பார்த்து, "ஏன் இவ்வளவு பயப்படுறீங்க?" என்று கேட்டுவிடுகிறார்கள். 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதை ஒட்டி நடந்த கலவரத்தில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்து 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்து சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையைத் திறந்தார்கள். இத்தனைக்கும் நடுவே பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பத்தோடு கல்யாணம் காரியம் என்று கலந்து வாழ்ந்தவர்கள். சிலர் பேசாமல் இருப்பதற்கு அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. "என்ன தாத்தா நடந்துச்சு அப்போ?" என்று கேளுங்கள், அவர் சொல்ல விரும்பினால் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். "அதெல்லாம் பழைய கதை" என்று தள்ளவும் வேண்டாம். கேட்டதைக் கொண்டுபோய் நாளைக்கு ஒரு கன்னடப் பையனிடம் கணக்குக் கேட்கவும் வேண்டாம். அவன் அப்போது பிறந்திருக்கவே மாட்டான்.

மொழிச் சண்டை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2025 மே மாதம் கமல்ஹாசன் கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்று பேசி, அது நீதிமன்றம் வரை போனது எல்லோருக்கும் தெரியும். இரண்டும் ஒரே மூல மொழியிலிருந்து கிளைத்தவை என்பதுதான் மொழியியலில் பொதுவாக ஏற்ற கருத்து. தமிழின் பெருமைக்கு இன்னொரு மொழியைச் சின்னதாக்க வேண்டிய அவசியமில்லை. பத்து வருடம் இங்கே இருந்துகொண்டு "கன்னட கொத்தில்லா" (கன்னடம் தெரியாது) என்றே சொல்லிக்கொண்டிருப்பது மட்டும் தவறு. அது எந்த வாதத்தையும் தொடங்கும் முன்பே தோற்கடித்துவிடும்.

சாதி பற்றிய கேள்வி வேறு வேஷத்தில் வரும். "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தத் தெரு? வீட்ல நான்வெஜ் செய்வீங்களா?" வாடகை வீடு பார்க்கப் போகும்போது தமிழ் வீட்டுக்காரர்களே தமிழ்க் குடும்பத்திடம் இப்படிக் கேட்கிறார்கள். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன் என்பார்கள். கேட்கப்படுபவருக்கு அது சும்மா கேட்டதாக இருக்காது. மதம் பற்றியும் அப்படித்தான். 2022-இல் ஹிஜாப் வழக்கு நடந்தபோது, சிவாஜிநகரில் துணிக்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் பெண்ணிடம் போகிறவர் வருகிறவர் எல்லாம் "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்பது அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதாகும். அவர் தானாகப் பேசினால் கேட்கலாம்.

இதற்கெல்லாம் பேசாமலே இருந்துவிடலாமே என்று கேட்டால், கூடாது என்பேன். ஒருவரை மொழி சொல்லியோ சாதி சொல்லியோ இழிவாகப் பேசும்போது கூட இருப்பவர் சிரித்து மழுப்புவது எல்லாத் தவறுகளையும்விடப் பெரியது. கூட்டத்தில் ஒருவராவது, "அப்படிச் சொல்லாதீங்க அண்ணா, சரியில்லை" என்று அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும். நீண்ட விளக்கம் தேவையில்லை. குரலை உயர்த்தவும் வேண்டாம்.

பேச்சு சூடாகிவிட்டால் அதை வாட்ஸ்அப் குழுவுக்குக் கொண்டு போகாதீர்கள். நேரில் இருவர் பேசும்போது முகம் பார்த்துக் குரலைத் தணிக்க வழி உண்டு. குழுவில் நூறு பேர் பார்க்கும்போது யாரும் இறங்கி வரமாட்டார்கள். "இதை நாளைக்கு டீ குடிச்சிட்டே பேசலாம்" என்று சொல்லி நிறுத்துங்கள், சொன்னபடி மறுநாள் போய்ப் பேசவும் செய்யுங்கள். பெரும்பாலானவர்கள் அந்த இரண்டாவது பாதியைத்தான் விட்டுவிடுகிறார்கள். அப்பார்ட்மென்ட் குழுவுக்கு அட்மினாக இருப்பவர்கள், பந்த் நாளிலும் தீர்ப்பு வரும் நாளிலும் அட்மின் மட்டும் பதிவிடும்படி மாற்றி வையுங்கள். பால் வருமா, ஸ்கூல் பஸ் ஓடுமா, எந்த ரோடு மூடியிருக்கிறது என்பதை மட்டும் போடுங்கள். யாரையாவது மிரட்டினார்கள் என்று தகவல் வந்தால் அதைக் குழுவில் விவாதிக்காமல் நேரே 112-க்கு அழையுங்கள்.