பாடுபட்ட சுரூபத்தைக் கண்டு தியானித்தல்: ஸ்பானியப் பக்திக் கலையை அறிய ஒரு வழிமுறை

நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, தூத்தூர் முதலிய கடற்கரைப் பங்குகள் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தாலும் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. 1544-இல் இந்தக் கடற்கரையில் மறைப்பணி செய்த சவேரியார், இன்றைய ஸ்பெயினின் வடபகுதியான நவாரில் பிறந்தவர். 1534-இல் பாரிசில், இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகள் என்னும் தியான முறையைச் செய்தவர். அந்தப் பயிற்சிகள் வளர்த்த பக்தியிலிருந்து எழுந்த ஸ்பானிய ஓவியங்களையும் சுரூபங்களையும் கவிதைகளையும் தவக்கால வேதபாட வகுப்பில் அறிமுகப்படுத்த விரும்பும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், எங்கிருந்து பார்ப்பது என்பதைத் தீர்மானியுங்கள். ஸ்பெயினின் செவில் பேராலயத்தில் உள்ள ‘இரக்கத்தின் கிறிஸ்து’ என்னும் பாடுபட்ட சுரூபத்தைச் செதுக்க 1603-இல் சிற்பி மார்த்தினெஸ் மொந்தான்யெஸ் செய்த ஒப்பந்தம் இதற்கு வழி காட்டுகிறது. ஆண்டவர் இன்னும் உயிரோடு இருக்க வேண்டும் என்றும், தம் பாதத்தடியில் செபிப்பவரை நோக்கி அவரோடு பேசுவதுபோல் தலை சாய்த்திருக்க வேண்டும் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. செபிப்பவர் இருக்கும் இடத்தைக் கணக்கில் கொண்டே அந்தச் சுரூபம் உருவாகியிருப்பதால், அதன் படத்தைக் கண்மட்டத்தில் மாட்டுவது சரியல்ல. முழந்தாளிட்ட பிள்ளை நிமிர்ந்து பார்க்கும் உயரத்தில் மாட்டி, முதலில் முழந்தாளிடச் செய்து, சற்று நேரம் எதுவும் பேசாமல் விடுங்கள். கலைஞரின் பெயரையும் ஆண்டையும் முதலிலேயே சொல்லிவிட்டால் பிள்ளைகள் படத்தை விட்டுவிட்டுக் குறிப்பெடுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அதன்பின் பாதங்களிலிருந்து தொடங்கி ஆணிகளை எண்ணச் சொல்லுங்கள். பல சுரூபங்களில் ஒரு பாதத்தின்மேல் மறுபாதம் வைத்து ஒரே ஆணி அறையப்பட்டிருக்கும். ஆக மொத்தம் மூன்று. மொந்தான்யெஸின் சுரூபத்திலோ பாதங்கள் ஒன்றன்மேல் ஒன்று இருந்தும் தனித்தனி ஆணி உண்டு. அதற்கு வண்ணம் பூசிய ஓவியர் பிரான்சிஸ்கோ பச்சேகோ, ஆணிகள் நான்கே என்று வாதிட்டவர். அவருடைய மாணவரும் மருமகனுமான வெலாஸ்கெஸ் ஏறக்குறைய 1632-இல் வரைந்து, இன்று மத்ரித் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ள ஓவியத்திலும் ஆணிகள் நான்கு. ஆனால் பாதங்கள் ஒரு பலகையின்மேல் அருகருகே ஊன்றியிருக்கின்றன. அந்த ஓவியத்தில் மலையும் இல்லை, கூட்டமும் இல்லை. பின்னால் இருள் மட்டுமே இருக்க, சரிந்த கூந்தல் முகத்தில் பாதியை மறைக்கிறது. இரத்தம் குறைவாக இருப்பதால் துயரமும் குறைவு என்று பிள்ளைகள் நினைக்கக்கூடும். பார்வையைச் சிதறடிக்கும் அனைத்தையும் ஓவியர் நீக்கியதால் நாம் அவரோடு தனியாக நிற்கிறோம் என்பதை அப்போது விளக்குங்கள். என் மனத்தில் இதற்கு இணையான சிலுவை ஓவியம் வேறில்லை.

இனி கவிதை. ஆசிரியர் பெயர் தெரியாத பதினான்கு வரிச் செய்யுள் ஒன்று 1628-இல் மத்ரித்தில் அச்சேறியது. அதைச் சவேரியார் இயற்றினார் என்றும், அவிலா தெரசாள் இயற்றினார் என்றும் கூறுவோர் உண்டு. இரண்டுக்கும் சான்று இல்லாததால் வகுப்பில் அப்படிச் சொல்ல வேண்டாம். விண்ணகத்தின்மேல் கொண்ட ஆசையோ நரகத்தைப் பற்றிய அச்சமோ என்னை உம்மிடம் ஈர்க்கவில்லை என்று முதல் நான்கு வரிகள் கூறுகின்றன. ஐந்தாம் வரி முதல் கண் சிலுவைக்குத் திரும்பி, ஆணிகளையும் காயங்களையும் அவமானத்தையும் நோக்குகிறது. ஆகவே முதல் நான்கு வரிகளின் பொருளைப் படத்தை மூடி வைத்துச் சொல்லி, ஐந்தாவதில் திறந்து காட்டுங்கள். விண்ணகமே இல்லாவிட்டாலும் உம்மை நேசிப்பேன் என்னும் பிற்பகுதி, படத்தைக் கண்ட பிறகே பிள்ளைகளுக்கு விளங்கும்.

பேசும் பகுதியைக் கடைசியில் வையுங்கள். 1548-இல் அச்சான ஆன்மிகப் பயிற்சிகளில், சிலுவையில் தொங்கும் ஆண்டவர் முன் நின்று, கிறிஸ்துவுக்காக நான் என்ன செய்தேன், என்ன செய்கிறேன், என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்ள இஞ்ஞாசியார் கற்பிக்கிறார். விடைகளை உரக்கக் கேட்காதீர்கள். அவை ஆண்டவருக்கு உரியவை. ஒரு சுரூபத்தின் முன் என்ன நேரக்கூடும் என்று கேட்கும் பெரிய பிள்ளைகளுக்கு, கன்னியர் மடத்தில் ஒரு திருவிழாவுக்காகக் கொண்டுவந்து வைக்கப்பட்டிருந்த, காயமுற்ற கிறிஸ்துவின் உருவத்தைக் கண்டு அழுது விழுந்ததைத் தெரசாள் தம் வாழ்க்கை நூலில் எழுதியிருப்பதைக் கூறலாம்.

அமலோற்பவ மாதா திருநாளான டிசம்பர் 8-க்கு அவருடைய படத்தை எடுத்துக்கொண்டால் பச்சேகோவின் விதிகளே போதுமானவை. அவர் இறந்தபின் 1649-இல் வெளியான நூலில், மாதா பன்னிரண்டு அல்லது பதின்மூன்று வயதுச் சிறுமியாக, வெள்ளை அங்கியும் நீல மேலாடையும் அணிந்து, பன்னிரு விண்மீன் முடியோடு, கொம்புகள் கீழ்நோக்கிய பிறையின்மேல் நிற்க வேண்டும் என்கிறார். இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள, வெலாஸ்கெஸ் இளம்வயதில் வரைந்த படத்தை இதனுடன் ஒப்பிடுங்கள்: விண்மீன்கள் உண்டு, ஆனால் அங்கி இளஞ்சிவப்பு, நிலவோ பிறையாக இல்லாமல், ஊடுருவிப் பார்க்கத்தக்க உருண்டையாக இருக்கிறது. பிறகு பிள்ளைகளைத் தங்கள் கோயிலில் உள்ள மாதா சுரூபத்தின் முன் அழைத்துச் சென்று, இவற்றுள் எவை அங்கே உள்ளன என்று அவர்களையே பார்த்துச் சொல்லச் செய்யுங்கள்.