பள்ளி இறுதித் தேர்வுக்குப் பின் வரும் அயர்ச்சியிலிருந்து மீளும் வழி

கடைசித் தேர்வு முடிந்ததும் வரும் என்று நம்பியிருந்த உற்சாகம் வராமல், உடம்பை அடித்துப் போட்டதுபோன்ற அசதியும், எதிலும் ஒட்டாத மனமும், சாதாரணக் கேள்விக்குக்கூட எரிந்து விழும் சுபாவமும் வந்து சேர்வது பலருக்கும் நேர்வதுதான். மாதக்கணக்கில் தூக்கத்தைச் சுருக்கிப் பதற்றத்தின் விசையிலேயே இயங்கிவந்த உடல், அந்த விசை நின்ற பிறகுதான் தன் களைப்பை வெளிக்காட்டத் தொடங்குகிறது. எனவே இதைச் சோம்பல் என்று திட்டி விரட்ட முயல்வது பயன் தராது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்டு 2022-இல் நடைமுறைப்படுத்திய நோய் வகைப்பாட்டில், பர்ன்அவுட் என்பது நோயாகக் கொள்ளப்படாமல், சரிவரக் கையாளப்படாத நீண்டகாலப் பணி அழுத்தத்தின் விளைவாக விவரிக்கப்பட்டு, ஆற்றல் வற்றிப்போதல், வேலையின் மீது கசப்பு, திறமை குறைந்துவிட்டது என்ற எண்ணம் ஆகிய மூன்று அடையாளங்கள் தரப்பட்டுள்ளன. அந்த வரையறை பணியிடத்துக்கு உரியதே என்றாலும், இறுதியாண்டு மாணவர் தம் நிலையைப் பார்த்துக்கொள்ள இந்த மூன்றும் உதவும்.

முதலில் தூக்கத்தைச் சீராக்குங்கள். மற்றவை அதற்குப் பிறகுதான். 14 முதல் 17 வயது வரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரமும், 18 வயதுக்கு மேல் 7 முதல் 9 மணி நேரமும் தூக்கம் தேவை. தொடக்கத்தில் சில நாட்கள் அலாரம் வைக்காமல், உடல் கேட்கும் அளவுக்குத் தூங்கலாம். ஆனால் நண்பகல்வரை படுத்திருப்பது வழக்கமாகிவிட்டால், பதின்பருவத்தில் ஏற்கெனவே பிந்தி ஓடும் உடலின் கடிகாரம் மேலும் பிந்தி, இரவு இரண்டு மணிக்கும் கண் மூடாது. ஆகவே அந்தச் சில நாட்களுக்குப் பின், எழும் நேரத்தை இரண்டு நாட்களுக்கு ஒருமுறை அரைமணி நேரம் முன்னே கொண்டுவந்து, எழுந்ததும் சிறிது நேரம் வெளிச்சத்தில் நில்லுங்கள். பகல் தூக்கம் அரைமணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். ஐந்து நிமிடம் பார்க்கலாம் என்று படுக்கையில் எடுத்த கைபேசி ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும் என்பதால், அதை வேறு அறையில் சார்ஜ் போடுவது நல்லது.

விழித்துப் படிப்பதற்காக நாளுக்கு நாலைந்து முறை காபி குடித்துப் பழகியவர்கள் அதைச் சட்டென்று நிறுத்தினால், ஒரு நாளுக்குள் தலைவலியும் மந்தமும் தொடங்கிச் சில நாட்கள், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும், நீடிக்கக்கூடும். பலர் இதையும் தேர்வுக் களைப்பின் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார்கள். சில நாட்களுக்கு ஒரு குவளை வீதம் குறைத்து, மாலைக் காபியை முதலில் விடுங்கள்.

அடுத்தது, தேர்வைக் கண்ணிலிருந்து அகற்றுவது. சுவரில் ஒட்டிய கால அட்டவணையைக் கிழித்தெடுத்து, மேசைமேல் குவிந்த குறிப்பேடுகளை ஒரு அட்டைப் பெட்டியில் கட்டிவையுங்கள். மதிப்பெண்ணைச் சரிபார்க்கவோ மறுதேர்வுக்கோ அவை தேவைப்படலாம் என்பதால், முடிவுகள் வரும்வரை எடைக்குப் போட்டுவிட வேண்டாம். நுழைவுச் சீட்டைத் தனி உறையில் வையுங்கள். நண்பர்களோடு விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதையும் நிறுத்திவிடுங்கள், எழுதி முடித்த தாளில் இனி ஒரு மதிப்பெண்ணும் கூடப்போவதில்லை.

உடலை அசைக்க, முதல் வாரத்தில் கால்மணி நேர நடை போதும். மறுநாள் களைப்பு கூடினால் குறைத்துக்கொள்ளலாம். திறமை போய்விட்டது என்ற எண்ணம் வாட்டினால், அன்றே தொடங்கி அன்றே முடியும் கைவேலை ஒன்றைச் செய்யுங்கள்: மிதிவண்டியைத் துடைத்து எண்ணெய் இடுவது, அலமாரியை ஒழுங்குபடுத்துவது போன்றவை, யாரும் மதிப்பெண் போடாதவை.

"விடுமுறையை வீணாக்காதே" என்று தேர்வு முடிந்த மறுநாளே ஏதோ ஒரு பயிற்சி வகுப்பில் சேர்த்துவிடுவதுதான் பெற்றோர் நல்லெண்ணத்தோடு செய்யும் பெரிய தவறு என்பது என் கருத்து. நுழைவுத் தேர்வு காத்திருப்பவர்களுக்கு நீண்ட ஓய்வு கிடைக்காதுதான். அவர்களும் மூன்று நான்கு நாட்களாவது முழுமையாக நிறுத்திவிட்டு, பின்னர் காலையில் மட்டும் படித்து, வாரத்தில் ஒரு நாளை வெறுமையாக விட வேண்டும். விண்ணப்பக் கடைசித் தேதிகளை ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, "அடுத்து என்ன என்று அடுத்த ஞாயிறுவரை கேட்காதீர்கள், அன்று நானே உட்கார்ந்து பேசுகிறேன்" என்று சொல்லிவிட்டால், இரு தரப்புக்கும் நச்சரிப்பு குறையும்.

போதிய தூக்கம் கிடைத்தும் இரண்டு வாரங்களுக்கு மேல் அசதி குறையாவிட்டாலோ, பெரும்பாலான நேரம் துயரமும் பற்றின்மையும் நிலைத்திருந்தாலோ, மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைபாடு ஆகியவையும் இதேபோன்ற களைப்பைத் தரும். இரத்தப் பரிசோதனையில் இவை தெரிந்துவிடும். வாழவே பிடிக்கவில்லை என்ற நினைப்பு எழுந்தால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் பார்க்காமல், அன்றே நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்லி, அவரையும் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். வழக்கமான அசதிக்காகப் போகிறவர்கள், படுத்த நேரம், எழுந்த நேரம், குடித்த காபி ஆகியவற்றை ஒரு வாரம் குறித்த தாளை எடுத்துச் சென்றால், மருத்துவர் கேட்கும் பாதிக் கேள்விகளுக்கு அதிலேயே விடை இருக்கும்.