ஓட்டத்தை நிறுத்தவில்லை, கணக்கை இடம் மாற்றினோம்

"பத்தாவது வந்தாச்சு, இனி கிரவுண்டுக்கு அனுப்பாதீங்க" என்றார்கள் சொந்தக்காரர்கள், ஓட்டப் பயிற்சிக்குப் போகும் என் மகளைப் பற்றி. எனக்கு மனசு ஒப்பவில்லை. நம்ம சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன், பட்டப்படிப்பையும் முடித்துவிட்டுத்தானே 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார்!

காந்தி ஸ்டேடியத்தில் ஓடிவிட்டு வரும் என் மகள், ராத்திரி எட்டு மணிக்குக் கணக்கு நோட்டைத் திறப்பாள். இரண்டாவது வரியிலேயே கண் சொருகும். பேனா தானாகக் கோடு இழுத்துக்கொண்டு போகும். படிப்பைக் கெடுத்தது ஓட்டம் இல்லை, அந்த நேரம்தான்.

கணக்கை விடியற்காலை ஐந்து மணிக்கு மாற்றினோம். ராத்திரியில் வாய்விட்டுப் படிக்கிற தமிழ், சமூக அறிவியல் மட்டும். ஒன்பதரைக்குத் தூக்கம், அதில் மட்டும் நான் கறார். காலாண்டில் தடுமாறியவள் அரையாண்டில் நிமிர்ந்துவிட்டாள். திருப்புதல் தேர்வு வாரங்களில் பயிற்சியைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறோம்.