ஊட்டியில் முதல் செமஸ்டர்: கீழேயிருந்து வருபவர்களுக்கு ஒரு செய்முறை

கவுன்சலிங்கில் ஊட்டி கிடைத்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி கேட்டிருப்பார்கள்: "டூர் போற ஊர்ல படிக்கப் போறியா?" டூர் வருகிறவர்கள் பார்ப்பது ஏப்ரல், மே. உங்களுக்குக் கிடைப்பது தென்மேற்குப் பருவமழை. வகுப்பு தொடங்கி ஒரு வாரத்துக்குள் துணி காயாது, ஷூ காயாது, காலையில் எழுந்திருக்க மனசு வராது. மலைக் கல்லூரிகளில் முதல் செமஸ்டரில் தடுமாறுகிறவர்களில் பலருக்குப் பாடம் பிரச்சினையே இல்லை, அட்டெண்டன்ஸ்தான் பிரச்சினை. அதனால் உடம்பு, பஸ், அட்டெண்டன்ஸ், அப்புறம்தான் புத்தகம். இந்த வரிசையிலேயே போவோம்.

படி 1: கிளம்பும் முன்

டி.சி., மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றின் ஒரிஜினலைக் கல்லூரியில் கொடுத்துவிட்டால் சீக்கிரம் கைக்கு வராது. ஐந்தாறு செட் ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் ஸ்கேன் செய்து வையுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. அதற்கு வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். உங்கள் ஊர் வங்கியிலேயே முடித்துவிட்டு வாருங்கள். இங்கே வந்தபின் அதற்காக ஒரு நாள் லீவு போடுவது வீண்.

தடித்த ஸ்வெட்டர் ஒன்றைவிட மெல்லியதாக இரண்டு நல்லது. மதியம் வெயில் அடித்தால் ஒன்றைக் கழற்றிவிடலாம். ஜீன்ஸைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஜூலையில் மூன்று நாளானாலும் இடுப்புப் பட்டி ஈரமாகவே இருக்கும். செருப்போ ஷூவோ, இரண்டு ஜோடி கட்டாயம். காற்று அடித்தால் குடை திரும்பிக்கொள்ளும் என்பதால் ரெயின்கோட்டும் வேண்டும். தேங்காய் எண்ணெய் இங்கே எப்போதும் உறைந்தே இருக்கும். குறுகிய வாய் பாட்டிலில் கொண்டுவந்தால் தினமும் அதோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். வாயகன்ற டப்பாவில் போட்டுக் கொண்டுவாருங்கள்.

அப்பா அம்மா காரில் கொண்டுவந்து விடுவதாக இருந்தால், வெளி மாவட்ட வண்டிகளுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் தேவை. ஆன்லைனில் இலவசமாகக் கிடைக்கும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை, ஆகவே எவர்சில்வர் பாட்டில்.

படி 2: அறை

ஹாஸ்டல் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியில் அறை பார்ப்பதானால் வாடகைக்கு முன் சுவரைப் பாருங்கள். மூலையில் கறுப்புப் புள்ளி இருந்தால் மழைக்காலம் முழுவதும் பூஞ்சை பிடிக்கும், உங்கள் பையும் பெல்ட்டும் உட்பட. கட்டிலைச் சுவரை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். "ஏப்ரல், மே சீசனிலும் அறை எனக்குத்தானே?" என்று வீட்டுக்காரரிடம் முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது.

சமைக்கப் போகிறீர்களா? ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சாதாரணப் பாத்திரத்தில் வைத்த பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் முழித்துக்கொண்டு நிற்கும். சின்ன குக்கர் ஒன்று வாங்கிவிடுங்கள்.

குளிருக்காக ஜன்னலை மூடிவிட்டு அறைக்குள் கரி அடுப்பு மூட்டித் தூங்காதீர்கள். அந்தப் புகையில் உயிர் போன சம்பவங்கள் மலையில் நடந்திருக்கின்றன. ஹாட் வாட்டர் பேக் ஒன்றும் நல்ல கம்பளியும் போதும்.

படி 3: பஸ்

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கத்திலிருந்து தினமும் வருகிறவர்கள் தங்கள் பஸ்ஸை மட்டும் தெரிந்துகொண்டால் போதாது, அதற்கு முந்தைய பஸ்ஸையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பனிமூட்டத்தில் வண்டி ஊர்ந்துதான் வரும், மரம் விழுந்தால் நின்றுவிடும். பெண்களுக்கு 2024லிருந்து நீலகிரியிலும் அரசு சாதாரணப் பேருந்துகளில் கட்டணம் இல்லை. கொண்டை ஊசி வளைவில் வாந்தி வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு ஏறாமல், முன்பக்கம் உட்கார்ந்து ரோட்டைப் பாருங்கள். போனைப் பார்த்தால் கதை முடிந்தது.

மாலையில் கடைசி பஸ்ஸை நம்பி லைப்ரரியில் உட்காராதீர்கள். இருட்டியபின் தேயிலைத் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் தனியாக நடப்பது வேண்டாம். காட்டுமாடும் கரடியும் ஊருக்குள்ளேயே வருகிற மாவட்டம் இது.

படி 4: அட்டெண்டன்ஸ் கணக்கு

ஒரு செமஸ்டருக்குச் சுமார் 90 வேலை நாள். தேர்வு எழுத 75 சதவீதம் வேண்டும். அதாவது அதிகபட்சம் 22 நாள் வராமல் இருக்கலாம். கேட்க நிறைய மாதிரி இருக்கிறதா? வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 90 நாள் என்பது 18 வாரம். வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய், ஞாயிறு ராத்திரி கிளம்ப மனசில்லாமல் திங்கள் சாயங்காலம் வந்து சேருகிற பழக்கம் ஒன்று போதும், 18 நாள் போயிற்று. மிச்சம் நான்கு. காய்ச்சலுக்கும் அக்கா கல்யாணத்துக்கும் அந்த நான்கில்தான் இடம் பார்க்க வேண்டும்.

அதனால் முதல் மாதம் ஊருக்குப் போகாமல் இருந்து பாருங்கள். கஷ்டம்தான். அஞ்சு மணிக்கே இருட்டுகிற மாதிரி மேகம் இறங்கும்போது வீட்டு ஞாபகம் தொண்டையை அடைக்கும். தினமும் ஒரே நேரத்தில் வீட்டுக்குப் பேசுங்கள், பேசிவிட்டு அறையிலேயே உட்காராமல் கீழே இறங்கி ஒரு டீயும் வர்க்கியும் சாப்பிடுங்கள். அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை ஊருக்குப் போனால் கணக்கு உதைக்காது.

மழை லீவு இன்னொரு பொறி. அறிவிப்பில் எந்த வட்டம் என்று பாருங்கள்: கூடலூர், பந்தலூருக்கு மட்டும் விட்டிருப்பார்கள், ஊட்டிக்கு இருக்காது. "பள்ளிகளுக்கு" என்று மட்டும் இருந்தால் கல்லூரி உண்டு. வாட்ஸாப்பில் யாரோ அனுப்பிய போன வருஷப் படத்தை நம்பிப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவர் வருடாவருடம் வகுப்புக்கு ஒருவராவது இருப்பார்.

நிறைய கல்லூரிகளில் கிழமைக்குப் பதில் டே ஆர்டர்தான். இன்று செவ்வாயாக இருந்தாலும் டே ஆர்டர் நான்கு என்றால் நான்காம் நாள் டைம்டேபிள். லீவு வந்தால் கிழமை ஓடிவிடும், டே ஆர்டர் நிற்கும். முதல் வாரம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதிக்குப் பக்கத்தில் எழுதி வாருங்கள்; அதே பக்கத்தில் நீங்கள் வராத நாளையும் குறித்துவிடலாம்.

படி 5: பாடம்

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு முதல் மாதம் ஆங்கில நோட்ஸ் மலைப்பாக இருக்கும். வகுப்புக்கு முந்தின நாள் அந்த யூனிட்டை ஒருமுறை புரட்டி, தெரியாத பத்து சொல்லுக்கு மட்டும் தமிழில் பொருள் எழுதிக்கொண்டு போங்கள். முழுசாகப் புரிய வேண்டியதில்லை, மறுநாள் காது பழகியிருந்தால் போதும்.

பெரும்பாலும் ஒரு தாளுக்கு ஐந்து யூனிட். பல தாள்களில் "இது அல்லது அது" என்கிற இரண்டு கேள்வியும் ஒரே யூனிட்டிலிருந்து வரும், ஆகவே பள்ளியில் செய்ததுபோல் ஒரு பாடத்தை அப்படியே விட்டுவிட முடியாது. பழைய கேள்வித்தாளை நவம்பரில் தேடாமல் ஆகஸ்டிலேயே லைப்ரரியில் பாருங்கள். அசைன்மென்ட், செமினார், உள்தேர்வு எல்லாம் சேர்ந்ததுதான் இன்டெர்னல் மார்க். தேதி தவறினால் அப்புறம் சாரிடம் எவ்வளவு கெஞ்சினாலும் பிரயோஜனம் இல்லை.

படி 6: ஆட்கள்

பக்கத்து பெஞ்சில் நீலகிரிப் படுகர்களின் படுகு மொழியில் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒன்றும் புரியவில்லை என்று ஒதுங்காதீர்கள், நீங்கள் கேட்டால் சட்டென்று தமிழுக்கு மாறிவிடுவார்கள். சீனியரை அண்ணா, அக்கா என்று கூப்பிட்டு எந்த மெஸ், எந்த ஜெராக்ஸ் கடை என்று கேளுங்கள். அதே சீனியர் மிரட்டினால் அது ராகிங். தமிழ்நாட்டில் 1997லிருந்து சட்டப்படி குற்றம். 1800-180-5522 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

படி 7: தேர்வு

தேர்வு நெருங்கும்போது காலைக் குளிரில் விரல் விறைத்துப்போகும். வாசலில் நின்று கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு உள்ளே போங்கள், முதல் பக்கத்துக் கையெழுத்து தப்பிக்கும். ஒரு தாளில் அரியர் விழுந்தால் அடுத்த செமஸ்டர் தேர்வோடு எழுதிவிடலாம். மார்க்கில் சந்தேகம் இருந்தால் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்ட அவகாசம் சில நாள்தான். ரிசல்ட் வரும்போது ஊரில் இருந்தாலும் டிபார்ட்மென்ட் வாட்ஸாப் குழுவை மியூட்டில் போட்டுவிடாதீர்கள்.