பெரிய விறகுக்குப் பழைய செயின்சா வாங்கப் போகிறீர்களா? முதலில் சைலன்சரைக் கழற்றுங்கள்

போன வைகாசியில் எங்கள் கொல்லையில் பட்டுப்போய் நின்ற புளியமரத்தைச் சாய்த்தோம். அடிமரம் ஏழு அடிச் சுற்று. என்னிடம் இருந்தது 35 சிசி மிஷின், 14 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் தகடு). கிளைகளை ஒரே பகலில் துண்டு போட்டுவிட்டது. அடிமரத்துக்கு வந்து, நடுவில் கறுத்துக் கிடக்கும் வைரத்தைத் தொட்டதும் சீவல் நின்று மாவு கொட்டியது, கொஞ்ச நேரத்தில் புகையும் வந்தது. அன்றைக்குத்தான் பெரிய மிஷின் ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தேன். புதிதின் விலையைக் கேட்டதும் பழையதாகப் பார்க்கலாம் என்ற முடிவும் கூடவே வந்தது.

பழைய மிஷின் வாங்குவதில் ஒருமுறை ஏமாந்தவன் நான். அந்த அனுபவத்தில் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. பெரிய மிஷின் உண்மையிலேயே வேண்டுமா?

சீமைக்கருவேலம் வெட்டிச் சூளைக்கோ டீக்கடைக்கோ போடுகிறவருக்கு வேண்டாம். அதில் தொடை பருமனுக்கு மேல் கிடைப்பது அபூர்வம். 35 முதல் 45 சிசி போதும், கையும் வலிக்காது. புளி, வேம்பு, மா, தூங்குமூஞ்சி என்று அடிமரத்தைத் துண்டு போடுகிறவருக்குத்தான் பெரியது.

நம் ஊரில் மரத்தைச் சுற்றளவில்தான் சொல்வோம். அதை 3.14-ஆல் வகுத்தால் குறுக்களவு வந்துவிடும். ஆறு அடிச் சுற்று என்றால் ஏறத்தாழ 23 அங்குலக் குறுக்கு. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி அறுத்தால் 20 அங்குல பார் அதைத் தாராளமாக முடிக்கும். நீளமான பாரைப் பார்த்து மயங்காதீர்கள். சின்ன இன்ஜினில் 22 அங்குல பார் மாட்டி விற்கிறார்கள். காய்ந்த புளியில் அழுத்தினால் செயின் நின்றுவிடும். முதலில் சிசியைப் பாருங்கள், பார் அப்புறம்.

2. எத்தனை சிசி?

என் கணக்கு 65 முதல் 75. ஸ்டில் எம்எஸ் 382 (72 சிசி), பழைய ஹஸ்க்வர்னா 365 (65 சிசி), 372 (71 சிசி) எல்லாம் இந்த வகை. இவை பார் இல்லாமலே ஆறு கிலோ வாக்கில் வரும் மிஷின்கள். அதற்கு மேல் 90 சிசி மிஷின்கள் மரவாடி வேலைக்குச் சரி, வீட்டு விறகுக்கு முதுகு தாங்காது. பழைய ஸ்டில் 070 என்று 106 சிசி வாக்கில் ஒரு யானை உண்டு. அதைத் தேடித் தேடி வாங்குகிற ரசிகர்கள் இருக்கிறார்கள். முதல் பெரிய மிஷினாக அதைத் தொட வேண்டாம்.

'58 சிசி' என்று பெட்டியில் போட்டு வரும் மலிவு மிஷின்களில் பலவற்றுக்கு போர் (சிலிண்டரின் உள் குறுக்களவு) 45.2 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 34 மி.மீ. உருளையின் கொள்ளளவாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 54.6 சிசிதான் வரும். மோசமான மிஷின் என்று சொல்லவில்லை, 58 என்று நினைத்து விலை பேசாதீர்கள் என்கிறேன்.

பெரிய கம்பெனி பெயர் ஒட்டிய போலிகளும் நிறையச் சுற்றுகின்றன. இன்ஜின் உடம்பில் அடித்திருக்கும் சீரியல் நம்பரை போட்டோ எடுத்து, அந்த கம்பெனி டீலரிடம் காட்டிவிட்டு அப்புறம் முன்பணம் கொடுங்கள்.

3. போன உடனே தொட்டுப் பாருங்கள்

காலையிலேயே போங்கள். வணக்கம் சொன்ன கையோடு சைலன்சர் பக்கம் கையை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன்பே இழுத்து ஓட்டி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். நான் ஏமாந்த மிஷின் அப்படித்தான், ஒரே இழுப்பில் பிடித்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து மறுநாள் காலை இழுத்தேன், இழுத்தேன், தோள்பட்டை இறங்கியதுதான் மிச்சம். தேய்ந்த இன்ஜின் சூட்டில் ஒருவிதம், குளிரில் ஒருவிதம். அதனால் ஆறிய மிஷினைத்தான் ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும்.

என்ன மரம் அறுத்தது என்றும் கேளுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது டெல்டாவில் தென்னை கொத்துக்கொத்தாய் விழுந்தது. எங்கள் பக்கம் அவசரத்துக்கு மிஷின் வாங்கியவர்கள் ஏராளம். வாழ்நாளில் செயின்சா பிடிக்காத கைகளும் ஓட்டின. தென்னை நார் கிளட்ச் மூடிக்குள் போய் அடைத்து, எண்ணெய் வரும் துளையையும் மூடிவிடும். தென்னை அறுத்த மிஷின் என்றால் அந்த மூடியைக் கழற்றிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

4. கயிறும் கம்ப்ரஷனும்

சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு, இழுக்கும் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து மிஷினைத் தொங்க விடுங்கள். கீழே இன்னொரு கை தயாராக இருக்கட்டும். நல்ல இன்ஜின் விட்டு விட்டு, தயங்கித் தயங்கி இறங்கும். சர்ரென்று இறங்கினால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்திப் பிடிக்கும் பலம், போய்விட்டது. பெரிய மிஷின்கள் பலவற்றில் இழுக்கச் சுலபமாக இருக்க டீகம்ப்ரஷன் பட்டன் ஒன்று இருக்கும். அது அமுங்கி இருந்தால் இந்தச் சோதனை பொய் சொல்லும்.

பைக் மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் கேஜ் இருந்தால் இரவல் வாங்கிப் போங்கள். பிளக்கைக் கழற்றிக் கேஜை மாட்டி, ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்திக்கொண்டு ஆறு தடவை இழுங்கள். 150 பிஎஸ்ஐ-க்கு மேல் காட்டினால் நிம்மதி. 120-க்குக் கீழே போனால் பிஸ்டன், ரிங் செலவு காத்திருக்கிறது.

5. சைலன்சரைக் கழற்றுங்கள்

மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். இரண்டு மூன்று திருகுதான். ஸ்டில் மிஷினுக்கு டி27 டார்க்ஸ் சாவி, மற்றவற்றுக்குப் பெரும்பாலும் ஆலன் கீ. சைலன்சர் வந்துவிட்டால் ஒரு ஓட்டை தெரியும், அதற்குள் பிஸ்டன். செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு கயிற்றை மெல்ல இழுங்கள். பிஸ்டன் ஏறி இறங்கும்.

பிஸ்டனின் பக்கவாட்டைக் கவனியுங்கள். லேத்தில் கடைந்த நேர்த்தியான குறுக்குக் கோடுகள் தெரிந்தால் நல்ல பிஸ்டன். மேலிருந்து கீழாக நகத்தால் கீறினாற்போல் கோடுகள் ஓடி, உலோகம் அப்பிக்கொண்ட மாதிரி மங்கிக் கிடந்தால் அது ஒருமுறை சீஸ் ஆன, அதாவது சூட்டில் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொண்ட, இன்ஜின். எண்ணெய் கலக்காமல் வெறும் பெட்ரோல் ஊற்றியிருப்பார்கள், அல்லது எங்கோ காற்று உறிஞ்சி, கலவையில் பெட்ரோல் குறைந்து இன்ஜின் சுட்டிருக்கும். மேலே கொஞ்சம் கரி படிந்திருப்பது குற்றமல்ல.

கழற்ற விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் சண்டை வேண்டாம், டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலையை மறுக்க எனக்குத் தெரிந்து ஒரே காரணம்தான் உண்டு.

6. ஓட்டிப் பார்ப்பது

மிஷினைத் தரையில் வைத்து, பின் கைப்பிடியைக் காலால் மிதித்து, செயின் பிரேக்கைப் (முன் கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் தடுப்புதான் அது) போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடத் தொடங்கியதும் பிரேக்கை எடுத்துவிட்டால், ஸ்லோவில் செயின் நகரக் கூடாது. மிஷினை இடம், வலம், மேல், கீழ் என்று சாய்த்துப் பாருங்கள், சத்தம் மாறக் கூடாது. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் கத்திக்கொண்டே இருந்து மெதுவாக அடங்கினால், கிராங்க் தண்டைச் சுற்றியிருக்கும் சீல் வழியாகவோ வேறெங்கோ காற்று இழுக்கிறது. அப்படியே ஓட்டினால் ஐந்தாம் படியில் சொன்ன கோடுகள் விழும்.

அடுத்தது பிரேக். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்துக்கொண்டே மணிக்கட்டால் முன் தடுப்பைத் தள்ளுங்கள். செயின் அந்தக் கணமே நிற்க வேண்டும். பார் நுனியின் மேல்பாகம் மரத்தில் இடித்தால் 70 சிசி மிஷின் முகத்தைப் பார்த்துத் திரும்பும். பிரேக் பிடிக்காத மிஷினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், சரி செய்யாமல் ஒரு துண்டுகூடப் போடக் கூடாது.

எண்ணெய்க்கு ஓர் அட்டையைத் தரையில் போட்டு, பார் நுனியை அதற்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நீட்டி வேகம் கொடுங்கள். அட்டையில் எண்ணெய்க் கோடு விழுந்தால் பம்ப் வேலை செய்கிறது.

இன்ஜினை நிறுத்தி ஆறவிட்டு, கிளட்ச் மூடியைக் கழற்றுங்கள். கிளட்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் கிராங்க் பேரிங் போயிருக்கும், அது பெரிய செலவு. செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் செயின் பதிந்து அரை மில்லிமீட்டர் பள்ளம் விழுந்திருந்தால் மாற்ற வேண்டும், அது சின்னச் செலவு.

7. விலை

செயின், பார், பிளக், ஃபில்டர், கயிறு, பெட்ரோல் ஹோஸ், கார்புரேட்டர் கிட் எல்லாம் பயப்படத் தேவையில்லாத பழுதுகள். மாதக்கணக்கில் பெட்ரோலோடு கிடந்த மிஷினில் கார்புரேட்டருக்குள் இருக்கும் டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு விறைத்துப்போவது சகஜம். எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்து இன்னும் அதிகம். இவற்றைச் சொல்லி விலையைக் குறையுங்கள். பிஸ்டனும் சிலிண்டரும் நல்லபடி இருந்தாலும் புதிய விலையில் பாதிக்கு மேல் நான் கொடுப்பதில்லை.

8. வீட்டுக்கு வந்ததும்

டேங்கில் அவர் ஊற்றி வைத்ததைக் கொட்டிவிடுங்கள், அதில் என்ன கலந்தாரோ. 50-க்கு 1 என்று சொல்லும் மிஷினுக்கு 5 லிட்டர் பெட்ரோலில் 100 மில்லி 2டி (டூ-ஸ்ட்ரோக்) எண்ணெய். 25-க்கு 1 என்றால் 200 மில்லி. கலந்து குலுக்கிவிட்டு ஊற்றுங்கள். புதுச் செயின் ஒன்றை வாங்கி மாட்டி முதல் வெட்டைப் போடுங்கள். சீவல் நீளநீளமாகப் பறக்கும்.

பெட்ரோல் மூடியும் செயின் எண்ணெய் மூடியும் அக்கா தங்கை மாதிரி ஒரே ஜாடையில் இருக்கும். பெட்ரோல் மூடிக்குச் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வையுங்கள். என் புளியமரத்தின் கடைசித் துண்டு அரைநாள் தாமதமானது, அந்தி நேரத்தில் மாற்றி ஊற்றியதால்தான்.