சமையல் மேடைக்கு அலங்கார மரத் தாங்கி செய்வது எப்படி

சமையல் மேடையின் பலகை அலமாரியைத் தாண்டி வெளியே நீளும் இடத்தில், அதன் அடியில் நிற்கும் மரத் தாங்கி பார்க்க அழகாக இருந்தால் மட்டும் போதாது. விளிம்பில் ஒருவர் கையூன்றி எழும்போது அந்த எடை முழுவதும் அதன் மேல்தான் வருகிறது. ஒரே பலகையை வளைத்து அறுத்துச் செய்யும் தாங்கிகள் பல உடைவதற்குக் காரணம் மரம் மட்டமானது என்பதல்ல. மரத்தின் நார் தவறான திசையில் ஓடுகிறது. நார் செங்குத்தாக ஓடினால் வெளியே நீட்டிய மூக்கு விறகு போலப் பிளக்கும். நார் படுக்கையாக ஓடினால் சுவரை ஒட்டிய மெல்லிய கால் முறியும். ஆகவே இங்கே சொல்லும் தாங்கி மூன்று துண்டுகளால் ஆனது: சுவரோடு நிற்கும் முதுகுப் பலகை, மேடையின் அடியில் படுத்திருக்கும் கைச்சட்டம், இரண்டையும் இணைக்கும் வளைந்த சாய்கால். ஒவ்வொன்றிலும் நார் அதனதன் நீளவாக்கில் ஓடும். எடை நாரின் வழியே இறங்கும்.

முதலில் அளவு

20 மி.மீ. கிரானைட் பலகை 150 மி.மீ. வரையிலும், 30 மி.மீ. பலகை 250 மி.மீ. வரையிலும் தாங்கி இல்லாமல் வெளியே நீளலாம். வெளியே நீளும் பகுதி பலகையின் மொத்த அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்த விதி. அதற்கு மேல் போனால் தாங்கி கட்டாயம். தாங்கியின் கை, நீளும் பகுதியில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் எட்ட வேண்டும். ஒரு தாங்கிக்கும் அடுத்ததற்கும் இடையே 600 மி.மீ. வைத்தால் கவலையில்லை. கல்லில் இணைப்பு வரும் இடத்தில் இணைப்பின் இரு பக்கமும் ஒவ்வொன்று வையுங்கள். அங்கே யாராவது உட்காரப் போகிறார்கள் என்றால், தாங்கி இரண்டு இருக்கைகளுக்கு நடுவில் வரட்டும். இல்லாவிட்டால் முழங்கால்தான் அதைத் தினமும் கண்டுபிடிக்கும்.

உயரத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். கையின் நுனியில் 110 கிலோ அழுத்துவதாகக் கொள்வோம். சுவரிலிருந்து கையின் நுனி வரை 240 மி.மீ. (முதுகுப் பலகையின் கனமும் சேர்த்து). தாங்கி அதன் கீழ்முனையை ஊன்றி முன்னால் சாயப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது மேலே உள்ள ஸ்க்ரூக்கள். அவை கீழ்முனையிலிருந்து 290 மி.மீ. உயரத்தில் இருந்தால், அவற்றை இழுக்கும் விசை 110 × 240 ÷ 290, அதாவது சுமார் 91 கிலோ. தாங்கியைக் குட்டையாக்கி அந்த உயரத்தை 120 மி.மீ. ஆகக் குறைத்தால் அதே எடைக்கு 220 கிலோ இழுக்கும். தாங்கி உடையாமலேயே ஸ்க்ரூ சுவரை விட்டு வெளியே வந்துவிடும். கையின் நீளத்தைவிட முதுகின் உயரம் எப்போதும் அதிகமாக இருக்கட்டும்.

கீழே உள்ள அளவுகள் 300 மி.மீ. வெளியே நீளும் மேடைக்கு, ஒரு தாங்கிக்கு உரியவை. எல்லாம் இழைத்து முடித்த பிறகு வரும் அளவுகள்:

- முதுகுப் பலகை: 340 × 110 × 40 மி.மீ.
- கைச்சட்டம்: 228 × 60 × 40 மி.மீ. (இதில் 28 மி.மீ. கழுந்துக்கு, அதாவது முதுகுப் பலகையின் துளைக்குள் நுழையும் முனைக்கு)
- சாய்கால்: 300 × 90 × 45 மி.மீ. கட்டையிலிருந்து அறுப்பது
- அடிக்கட்டை (சாய்காலின் அடியில் முட்டுக்கொடுக்கும் சிறு துண்டு): 45 × 25 × 20 மி.மீ.

மரம்

தேக்கு, மகாகனி, ஓக் ஆகிய மூன்றும் இதற்கு ஏற்றவை. பெயின்ட் அடிப்பதாக இருந்தால் முடிச்சில்லாத பைன் போதும். வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் எடுங்கள். வெளிறிய ஓரப்பகுதியில் பூச்சி எளிதாக ஏறும். மரத்தைப் பொருத்தப் போகும் அறையிலேயே இரண்டு வாரம், காற்றுப் போக இடைக்கட்டை வைத்து அடுக்கி வையுங்கள். ஈரமானி இருந்தால் 12 சதவீதத்துக்குக் கீழே காட்ட வேண்டும். ஈரமரத்தில் செய்த கழுந்து காய்ந்ததும் சுருங்கித் துளையில் ஆடத் தொடங்கும். எந்தப் பசையாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) வேண்டாம். ஓரத்தில் ஸ்க்ரூ ஏற்றினால் பிளக்கும், பாத்திரம் கழுவும் இடத்து ஈரத்தில் உப்பும். வளைவுக்கு அச்சு செய்ய மட்டும் அது நல்ல பொருள்.

சாய்காலின் வளைவு

முழு அளவில் ஒரு தாளில் வரையுங்கள். செங்குத்துக் கோடு முதுகின் முகம், படுக்கைக் கோடு கைச்சட்டத்தின் அடிப்பக்கம். இரண்டும் சந்திக்கும் மூலையிலிருந்து படுக்கைக் கோட்டில் 160 மி.மீ., செங்குத்துக் கோட்டில் 230 மி.மீ. குறித்து இரு புள்ளிகளையும் இணையுங்கள். இதுதான் சாய்காலின் வெளிவிளிம்பு. நீளம் 280 மி.மீ. வரும். மூலையின் பக்கமாக 60 மி.மீ. தள்ளி இதற்கு இணையாக இன்னொரு கோடு போட்டால் அது உள்விளிம்பு. அது படுக்கைக் கோட்டை 87 மி.மீ.யிலும் செங்குத்துக் கோட்டை 125 மி.மீ.யிலும் வெட்டினால் உங்கள் படம் சரி.

இப்போது வெளிவிளிம்பை நடுவில் இரண்டாகப் பிரியுங்கள். மேல் பாதியை 12 மி.மீ. உட்குழிவாகவும், கீழ்ப் பாதியை 12 மி.மீ. புடைப்பாகவும் வரையுங்கள். இரண்டு வில்லுக்கும் ஆரம் 210 மி.மீ. நூலும் ஆணியும் போதும். குழிவும் புடைப்பும் சந்திக்கும் இடத்தில் முறிவு தெரியாமல் கோடு வழுக்கிச் செல்ல வேண்டும். கண்ணுக்கு அழகு அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

ஏன் புடைப்பு கீழே? சாய்காலின் அடி சுவரைத் தொடும் கோணம் சுமார் 35 பாகைதான். அங்கே குழிவு வந்தால் அடிநுனி கத்தி போல மெலிந்து, இறுக்கும்போதே சிலும்பிப் போகும். புடைப்பு வந்தால் அதே இடம் தடித்து நிற்கும். அப்படியும் இரு நுனிகளிலும் 6 மி.மீ. அளவுக்குத் தட்டையான விளிம்பு விடுங்கள். அது நுனியையும் காக்கும், வளைவு எங்கே முடிகிறது என்று அழுத்தமாகவும் காட்டும்.

உங்கள் விருப்பப்படி வேறு வளைவு வரைந்தால் ஒரு சோதனை: சாய்காலின் மேல்முனை நடுவிலிருந்து கீழ்முனை நடுவுக்கு ஸ்கேல் வைத்து நேர்கோடு போடுங்கள். அந்தக் கோடு எங்கும் மரத்தை விட்டு வெளியே போகக் கூடாது. போனால் அந்தத் தாங்கி எடையை நேராக இறக்காமல் வளைந்து கொடுக்கும். மிகக் குறுகிய இடத்திலும் 40 மி.மீ. அகலம் இருக்கட்டும்.

படத்தை 6 மி.மீ. எம்.டி.எஃப்.பில் ஒட்டி அறுத்து, அரத்தாலும் உப்புத்தாளாலும் அச்சைச் செம்மையாக்குங்கள். அச்சில் உள்ள மேடுபள்ளம் எல்லாத் தாங்கியிலும் அப்படியே வரும் என்பதால் இங்கே செலவிடும் அரை மணி நேரம் வீணல்ல. பிறகு சாய்கால் கட்டையின் நார், 280 மி.மீ. கோட்டுக்கு இணையாக ஓடும்படி அச்சை வைத்து வரையுங்கள்.

அறுப்பது

பேண்ட்சா (வளையமாக ஓடும் பிளேடுள்ள மின்ரம்பம்) இருந்தால் வேலை எளிது. கையில் பிடிக்கும் சிறு மின்ரம்பமான ஜிக்சாவில் 45 மி.மீ. கனத்தை அறுக்கும்போது பிளேடு அடியில் சாய்ந்து போகும். மேலே கோட்டில் இருக்கும், கீழே 3 மி.மீ. உள்ளே வெட்டியிருக்கும். எனவே கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. விட்டு, தள்ளாமல் மெதுவாக அறுங்கள். பிறகு அச்சை இருபக்க டேப்பால் ஒட்டி, அச்சின் மேல் உருளும் பேரிங் உள்ள பிட் போட்ட ரூட்டரால் (சுழலும் பிட்டால் மரத்தைச் சீவும் கருவி) மீதியை எடுங்கள். ரூட்டர் எப்போதும் புடைப்பின் உச்சியிலிருந்து குழிவின் அடியை நோக்கி நகர வேண்டும். எதிர்த்திசையில் போனால் பிட் நாரைக் கிளப்பிப் பெரிய சில்லாகப் பெயர்த்துவிடும். திசை ஒத்துவராத பகுதிக்குக் கட்டையைத் திருப்பி, அச்சை மறுபக்கம் ஒட்டிக்கொள்ளுங்கள். ரூட்டர் இல்லையென்றால் மர அரமும் வளைந்த அடியுள்ள இழைப்புளியும் இதே வேலையைச் செய்யும். திசை விதி அவற்றுக்கும் உண்டு.

ஓரங்களை 45 பாகையில் 6 மி.மீ. சரித்து, இணைப்புகளுக்கு 20 மி.மீ. முன்பே நிறுத்தினால் நிழல் அழகாக விழும். முகத்தில் கோடுகளோ பூ வேலையோ செதுக்குவதானால் ஆழம் 5 மி.மீ.யைத் தாண்ட வேண்டாம். முதுகுப் பலகையின் கீழ்முனையை மொட்டு போல வடிக்கலாம்; ஆனால் தாங்கி சுவரில் ஊன்றுவதும் கீழ் ஸ்க்ரூ வருவதும் அங்கேதான், ஓரங்களை மட்டும் செதுக்குங்கள்.

இணைப்பு

கைச்சட்டத்தின் முனையில் 20 மி.மீ. கனம், 26 மி.மீ. உயரம், 28 மி.மீ. நீளத்துக்குக் கழுந்து எடுங்கள். மேலிருந்து 14 மி.மீ. வெட்டிவிடுவதால் துளைக்கு மேலே முதுகுப் பலகையில் மரம் மிஞ்சும். அதை விடாமல் வெட்டினால் பலகையின் உச்சி பிளக்கும். துளையின் ஆழம் 30 மி.மீ. அடியில் மிஞ்சும் 2 மி.மீ. பசை ஒதுங்குவதற்கு. கழுந்து கையால் அழுத்தினால் போக வேண்டும். கொட்டாப்புளியால் ஓங்கி அடித்துத்தான் போகிறது என்றால் பக்கத்தை ஒரு சீவு சீவுங்கள். கழுந்து எடுக்கப் பழக்கமில்லையென்றால் 10 மி.மீ. மரஆணி மூன்றும், முதுகிலிருந்து ஏறும் ஒரு 6 × 120 ஸ்க்ரூவும் (6 மி.மீ. தடிமன், 120 மி.மீ. நீளம்) வையுங்கள். கழுந்து அளவுக்கு அது நிற்காது, ஆனால் போதும்.

பசை ஈரம் தாங்கும் டி3 வகையாக இருக்கட்டும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் முகங்களை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது காய்ந்த உடனே பசை தடவுங்கள். மறுநாள் வரை விட்டால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். முதலில் கழுந்தை ஒட்டி மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். பிறகு சாய்காலை வையுங்கள். அதன் இரு முனைகளிலும் நாரின் வெட்டுமுகம் பசையை உறிஞ்சுவதால், ஒரு முறை மெல்லியதாகத் தடவி ஐந்து நிமிடம் கழித்து மறுபடி தடவுங்கள்.

சாய்காலை இறுக்கும் ஸ்க்ரூக்களின் இடம் முக்கியம். 6 × 70 அளவில், தலையை 10 மி.மீ. ஆழம் புதைத்து ஏற்ற வேண்டும். கைச்சட்டத்தின் மேலிருந்து இரண்டு: முதுகின் முகத்திலிருந்து 100 மி.மீ. தூரத்தில், 20 மி.மீ. இடைவெளியில் பக்கம் பக்கமாக. இன்னும் வெளியே தள்ளினால் ஸ்க்ரூவின் நுனி குழிவில் எட்டிப் பார்க்கும். முதுகுக்குப் பின்னாலிருந்து இரண்டு: பலகையின் உச்சியிலிருந்து 190, 212 மி.மீ. தூரத்தில். எல்லாவற்றுக்கும் 4 மி.மீ. முன்துளை போடுங்கள். கடைசியாக அடிக்கட்டையைச் சாய்காலின் அடியோடு ஒட்டி, பின்னாலிருந்து ஒரு 4 × 45 ஸ்க்ரூ, இதன் தலையையும் 10 மி.மீ. புதைத்து. எடையில் சாய்கால் கீழே வழுக்காமல் தடுப்பது இந்தச் சிறு துண்டுதான். பசை இறுக 24 மணி நேரம் விடுங்கள்.

பூச்சு

80, 120, 180 எண் உப்புத்தாள்களை வரிசையாக, நார் போகும் திசையில் தேயுங்கள். தேக்குத் தூசு மூக்கை உறுத்தும், முகக்கவசம் போடுங்கள். பாலியூரித்தேன் மூன்று கோட், ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் 220 எண் உப்புத்தாள். சுவரை ஒட்டும் பின்பக்கத்துக்கும் கட்டாயம் அடிக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் அடித்த பலகை பின்னால் ஈரம் குடித்து வளையும். ஆளி எண்ணெய் பூசுவதானால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்த பிறகே எறியுங்கள்.

சுவரில் பொருத்துவது

கல் மேலே ஏறுவதற்கு முன்பே இதை முடிக்க வேண்டும். முதுகில் மூன்று துளை: மேலே இரண்டு, உச்சியிலிருந்து 50 மி.மீ. கீழே, இரு ஓரத்திலிருந்தும் 18 மி.மீ. உள்ளே, கீழே ஒன்று, நடுவில், அடியிலிருந்து 20 மி.மீ. மேலே. ஒவ்வொன்றிலும் 16 மி.மீ. அகலத்துக்கு 12 மி.மீ. ஆழம் குடைந்து, அதற்குள் 8 மி.மீ. துளை. மேல்துளைகளுக்கு டிரில் கைச்சட்டத்தில் இடிக்கும் என்பதால் 300 மி.மீ. நீள பிட் ஹோல்டர் தேவைப்படும்.

செங்கல் அல்லது கான்கிரீட் சுவரில் 8 × 100 ஸ்க்ரூவும் நைலான் பிளக்கும் போதும். பிளக் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் முழுவதும் போக வேண்டும். பூச்சில் நிற்கும் பிளக் எதையும் பிடிக்காது. துளைத் தூசை ஊதி எடுக்காமல் பிளக் அடித்தால் அது உள்ளே சுழலும். ஓட்டைக் கல் சுவரில் கெமிக்கல் ஆங்கர் (துளையில் பசை நிரப்பிப் பதிக்கும் போல்ட்) வேண்டும். ஜிப்சம் பலகையில் நேரடியாக ஏற்றவே கூடாது. உள்ளே உள்ள சட்டத்தைக் கண்டுபிடித்து அதில்தான் ஏற்ற வேண்டும். அலமாரியின் முதுகில் பொருத்துவதானால் 18 மி.மீ. பிளைவுட் தனியாகத் தாங்காது. உள்பக்கம் 25 மி.மீ. மரப்பலகை கொடுத்து, 8 மி.மீ. போல்ட்டும் அகல வாஷரும் போட்டு இறுக்குங்கள்.

முதல் தாங்கியையும் கடைசித் தாங்கியையும் ரசமட்டத்தில் பொருத்தி, இடையே நூல் கட்டி மற்றவற்றை வையுங்கள். உயர வித்தியாசம் 1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கல் வளையாது. ஒரு தாங்கி மட்டும் 2 மி.மீ. தூக்கி நின்றால், அந்த இடத்தில்தான் பலகை விரிசல் விடும். எல்லாத் தாங்கியும் அலமாரி உச்சிக்கு 1 மி.மீ. தாழ்ந்திருக்கட்டும், கல் ஏறும்போது இடைவெளியைச் சிலிக்கான் பொட்டுகள் நிரப்பும். மேடை மரமாக இருந்தால் சிலிக்கான் வேண்டாம். கைச்சட்டத்தில் 12 மி.மீ. நீளக் காடித்துளை போட்டு, அதன் வழியே அடியிலிருந்து 5 மி.மீ. ஸ்க்ரூ ஏற்றுங்கள். காடி, பலகை சுருங்கி விரியும் திசையில், அதாவது அதன் நாருக்குக் குறுக்காக இருக்க வேண்டும்.

ஸ்க்ரூத் தலைகளை அதே மரத்தில் வெட்டிய 16 மி.மீ. மரமூடியால் அடையுங்கள். மூடியின் நார் பலகையின் நாரோடு ஒத்துப் போகட்டும். பசையைச் சொட்டு மட்டும் வையுங்கள், பின்னொரு நாள் இறுக்க வேண்டியிருந்தால் உளியால் எடுக்க முடியும்.